வாசலில்தான் வெளிச்சம்!

பொங்கல் முடிந்து சென்னை திரும்பும் இரவில் விழுப்புரம் - திண்டிவனம் சாலையில் வந்திருக்கிறீர்களா? விக்கிரவாண்டி டோல்கேட் வாசலில்தான் அத்தனை நெரிசல், அத்தனை விளக்கு, அத்தனை சூடு! தாண்டிவிட்டால் இருட்டு ரோடுதான்.

வெகு தொலைவில் ஜொலிக்கும் குவாசரும் அப்படித்தான். நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை இருட்டு. வெளிச்சம் அதன் வாசலில். உள்ளே விழப்போகும் வாயு நேராக விழாமல் சுழன்று, நெருக்கியடித்து, உரசிக் கொதித்து ஒளிர்கிறது. சூரியனுக்குள் இணையும் ஹைட்ரஜனில் 0.7 சதவீதமே ஆற்றலாகிறது. இங்கே சுமார் 10 சதவீதம்!

1963இல் முதன்முதலில் அடையாளம் தெரிந்த குவாசர் 3சி 273. அதன் ஒளி சுமார் 200 கோடி ஆண்டுகள் பயணித்து வருகிறது. நிலா அதை மறைத்த நேரத்தை அளந்தே இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். அதே உத்தியில் வானத்தை ஆராயத்தான் 1970இல் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி எழுந்தது!