பதனிடும் கையும் பதனிடப்படும் தோலும்

ஐம்பொறிகளை எண்ணிய நம் முன்னோர், கண், செவி, மூக்கு, வாய் எனத் தனித்தனி உறுப்பைக் கூறினர். தொடுவுணர்ச்சிக்கு மாத்திரம் 'மெய்' என்று உடம்பு முழுவதன் பெயரையே வழங்கினர். தொல்காப்பியரும் மரபியலில் உயிர்களை அறிவு வகையாற் பகுக்குங்கால் உற்றறிதலையே முதலறிவாக வைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் உள்ளது அவ்வொன்றே. இத்துணைச் சிறப்புடைய தோலைப்பற்றி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் வாழும் நாம் அறிந்திருப்பதெல்லாம் ஆடுமாடுகளின் தோலைப்பற்றியதே. மண்டியில் ஒரு தோலை விரித்த மாத்திரத்தில் உண்ணி கடித்த வடு எது, முட்கீறல் எது, சூட்டுத் தழும்பு எது எனச் சொல்லவல்லார் பலர் உளர். அத்தோலைத் தொட்டியினின்று தூக்கியவருடைய கையை அங்ஙனம் விரித்துப் பார்த்தார் எத்துணையர்? யான் ஈண்டு வழக்காடுவது இதுபற்றியே.

மனிதனது தோல் இருபடையாக அமைந்தது. மேற்றோல் கெராட்டின் என்னும் பொருள் நிறைந்த அணுக்களால் ஆயது. அவ்வணுக்கள் அடியிற் பிறந்து, மேலேறி, செத்து உதிர, ஏறத்தாழத் திங்களுக்கொருமுறை மேற்றோல் புதிதாகின்றது. உட்டோல் கொலாஜன் என்னும் நாரால் நெய்யப்பட்டது. மாட்டுத்தோலின் அமைப்பும் இதுவே. பதனிடுவோர் முதலிற் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் தோலை ஊறவைப்பது எற்றுக்கு? மயிரையும் மேற்றோலையும் கரைத்து நீக்குதற்கு; அதாவது கெராட்டினை அழித்தற்கு. பின்னர்க் கொலாஜன் நார்கள் அழுகாவண்ணம் அவற்றைப் பிணித்தற்கு, முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் உதவின. இக்காலத்திற் பெரும்பாலும் குரோமிய உப்பு உதவுகின்றது. சுண்ணாம்புக்கு மாடு இது, மனிதன் இவன் என்னும் வேற்றுமை தெரியாது. செத்த தோலைக் கரைப்பது, உயிருள்ள தோலையும் அரிக்கும்.

உயிருள்ள தோல் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளுமே எனின், கொள்ளும். குருதி உறைந்து, புண்ணின் விளிம்பிலுள்ள அணுக்கள் ஊர்ந்து வந்து மூட, அடியிற் புதிய கொலாஜன் பின்னப்படும். ஆயினும் தழும்பு பழைய தோலின் முழுவலிமையை எய்துவதில்லை. முதுமையில் தோல் மெலிந்து, ஆறுதலும் தாழ்க்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆறுதற்கு ஓய்வு வேண்டும். மறுநாட் காலையில் மீண்டும் தொட்டியில் நனையும் வெடிப்பிற்கு அவ்வோய்வு எங்ஙனம் கிடைக்கும்? குரோமியத்தின் தீமையோ வேறுவகையினது. பதனிடுதற்கு இன்று பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அது சிற்சில நிலைகளில் ஆறிணைதிறக் குரோமியமாக மாறும். பின்னது தோலுக்குப் பெரும்பகை. ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிடின், பெரும்பாலும் ஆயுட்காலம் முழுதும் நீங்காது. தோல் வேலையை விட்டுக் கொத்தவேலைக்குச் சென்றாலும், சிமெண்டுக் குழம்பிலும் அதே குரோமியம் காத்திருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-ஆம் ஆண்டு மே மாதம் முதல், உடலிற் படும் தோற்பொருளில் ஒரு கிலோவிற்கு 3 மில்லிகிராம் அளவிற்குமேல் ஆறிணைதிறக் குரோமியம் இருத்தலாகாது என விதித்துள்ளது. நல்ல விதியே. அதன் பொருட்டு நம் பக்கத்துச் சரக்குகளும் சோதனைச்சாலைக்குச் சென்று சீட்டுப் பெறுகின்றன. கடல்கடந்த ஒருவருடைய பாதத்திற்கு மில்லிகிராம் கணக்கு. இங்கே அத்தோலைப் புரட்டும் கைக்கு யாது கணக்கு? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணை அரசினர்க்கு அறிவித்தற்குரிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. அறிவித்தற்குமுன் அதனைக் காண்பார் வேண்டுமன்றோ? உச்சநீதிமன்றம் 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்புப் பாலாற்று நீரையும் நிலத்தையும் காத்தற்கு எழுந்தது. ஆற்றுக்கு வழக்காடிய ஊர் கைக்கும் வழக்காடல் வேண்டும்.

"கையுறை கொடுத்திருக்கின்றோம், அவர்கள் அணிவதில்லை" என்பது வழக்கமான விடை. ஈரத்தோல் கனமானது, வழுவழுப்பானது. அளவு பொருந்தாத உறையிட்ட கையிற் பிடிபடாது. உறைக்குள் நீர் புகுந்து தேங்கினால் உறையின்மையினும் கேடு மிகும். இவ்வூர்ச் சித்திரை வெயிலில் அதனை ஒரு நாழிகை அணிந்து பார்த்தவர் அங்ஙனம் பேசார் என்பது என் துணிபு. தொழிலாளரைக் கேட்டாலோ, "பழகிவிட்டது" என்கின்றனர். எனக்கு அச்சமூட்டுவது அச்சொல்லே.

வலி பழகிப்போதலின் விளைவை உலகிற்குக் காட்டியது நம் வேலூரன்றோ! கொல்லிமலையில் 1914-இற் பிறந்து, 1946-இல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி இழந்தமையாற் சுடுவதும் வெட்டுவதும் அறியாது அவர்களே அவற்றைச் சிதைத்துக்கொள்கின்றனர் என நிறுவினார். இரவில் எலி கடித்தலும் உணராது உறங்கிய நோயாளர்க்குப் பூனை வளர்க்கக் கொடுத்த செய்தி நம்மிற் பலர் கேட்டதே. தோற்றொழிலாளரது துன்பம் அந்நோயன்று. இரண்டையும் மயக்கி அவர்களைக் கண்டு விலகுதல் பேதைமை. ஆனால் வலியைப் பொருட்படுத்தாத கை காவலற்ற கை என்னும் பாடம் இரண்டிற்கும் பொது.

யோப்பாப் பட்டினத்திற் பேதுரு அப்போஸ்தலர் தோல் பதனிடும் சீமோனது இல்லத்திற் பலநாள் தங்கினார் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. அத்தொழிலை இழிவெனக் கருதிய சமுதாயத்தில் அது சிறு செயலன்று. நம் சபையார் அவ்வதிகாரத்தைப் படித்துச் செல்கின்றனரேயன்றி, அவ்வில்லத்திற்குள் நுழைவது அரிதாகவே உள்ளது.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் தோல் வாணிகம் செய்வோரும், ஷூ கம்பெனிகளிற் கணக்கெழுதுவோரும் இருத்தல் கூடும். அவர்களை வேண்டுவது மிகுதியன்று. மூன்று திங்களுக்கொருமுறை மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு தொழிலாளரின் கையையும் காலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுக. கையுறைகள் பல அளவில் வருக. வேலை முடிவில் கழுவ நல்ல நீரும் தடவ எண்ணெயும் இருக்க. வெடிப்புக் கண்டவரை, ஆறும்வரை, உலர்ந்த வேலைக்கு மாற்றுக. அந்நாட்களிற் கூலியைக் குறையாதொழிக. கூலி குறையுமாயின் எவரும் கையைக் காட்டார்.