அழுகுணி ஆட்டம் வேண்டாம்!

மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்துகளில் கேரம் ஆடுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சுற்றி எத்தனை பேர் நின்றாலும் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். "அந்தக் காயை அடி" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், ஆட்டம் நின்றுவிடும். சொன்னவருக்கும் திட்டு, அதைக் கேட்டு ஆடியவருக்கும் திட்டு. அங்கே தனியாக நடுவர் கிடையாது. நிற்கிற ஜனமே நடுவர்.

இன்று அதே சந்துகளில், வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளைகள் செல்போனில் சதுரங்கம் ஆடுகிறார்கள். 2020 ஊரடங்குக் காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம். 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனதும் இன்னும் பெருகிவிட்டது. நல்ல பழக்கம்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆறு பேர் படுத்துறங்கும் ஒரு கோலியில் பலகை விரிக்க இடம் ஏது? செல்போனுக்குள்ளேயே பலகை இருக்கிறது. எதிரே ஆட ரஷ்யாக்காரனும் வருகிறான், பிரேசில்காரனும் வருகிறான்.

ஆனால் அந்தப் பலகையைச் சுற்றி ஜனம் நிற்பதில்லை. அங்கேதான் கோளாறு.

நமக்குத் தெரிந்த பையன் ஒருவன். பதின்மூன்று வயது. அப்பாவின் போனில்தான் ஆட்டம். கண்ணாடி கீறல் விட்ட போன். யாரும் சொல்லித்தராமல் தானாகவே கற்று, நன்றாக ஆடினான். ஒரு நாள் தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்ததும், எதிரே ஆடிய முகம் தெரியாத ஆசாமி "நீ கள்ளன்" என்று எழுதி, இன்னும் எழுதத் தகாததையும் எழுதிவிட்டுப் போய்விட்டான். பையன் மனசு உடைந்தது. மறுவாரம் அவனே இன்னொரு போனில் கம்ப்யூட்டரிடம் கேட்டுக் கேட்டுக் காய் நகர்த்தினான். பத்து நாளில் கணக்கை மூடிவிட்டார்கள்.

"ஏன் தம்பி இப்படிச் செய்தே?" என்று கேட்டோம்.

"எல்லாரும் செய்யுறாங்கண்ணே. செய்யாதப்பவே என்னைக் கள்ளன்னு சொல்லிட்டானே!"

இந்தப் பதிலுக்கு நம்மால் உடனே மறுபதில் சொல்ல முடியவில்லை.

பையன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. பெரிய மனிதர்களே வழி தவறியிருக்கிறார்கள். 2021 ஜூன் 13 அன்று, கோவிட் நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலருடன் இணையத்தில் ஆடினார். நடிகர் ஆமிர்கானும் ஆடினார். ஐந்து முறை உலக சாம்பியனான ஆனந்தை அன்று தோற்கடித்தவர், ஜெரோதா நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான நிகில் காமத்! மறுநாளே குட்டு வெளிப்பட்டது. ஆட்டத்தை அலசிச் சொன்னவர்களும் கம்ப்யூட்டரும் தமக்கு உதவியதாக அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நம் சந்து பாஷையில் சொன்னால், பக்கத்தில் ஆள் வைத்து ஆடியிருக்கிறார்.

ஆனந்த் கூச்சல் போடவில்லை. பலகையில் இருந்ததைப் பார்த்துத் தாம் ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் சொல்லி நிறுத்திக்கொண்டார். மூடப்பட்ட காமத்தின் கணக்கு பிறகு திறக்கப்பட்டது. விஷயத்தை மேலே கொண்டுபோக ஆனந்தும் விரும்பவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனந்தின் பெருந்தன்மை அது. நம் பையனுக்குப் பரிந்து பேச ஆனந்த் இல்லை!

1997-ல் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐ.பி.எம். நிறுவனத்துக்குப் பெரிய இயந்திரமே தேவைப்பட்டது. இன்று சட்டைப் பையில் இருக்கும் போனே உலக சாம்பியனை வென்றுவிடும். ஆகவே போனைக் கேட்டு ஜெயிப்பதில் கெட்டிக்காரத்தனம் எதுவுமில்லை. மோட்டார் சைக்கிளில் போய் ஓட்டப் பந்தயத்தில் ஜெயிப்பதைப் போன்றது அது.

அதே நேரத்தில், ஜெயித்தவனை எல்லாம் கள்ளன் என்பது அதைவிடக் கொடுமை. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் பல ஆட்டக்காரர்கள் மீது இப்படிச் சந்தேகம் கிளப்பி வந்தார். அவர்களில் ஒருவரான அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நரோடிட்ஸ்கி 2025 அக்டோபரில் 29 வயதிலேயே காலமானார். அந்த மரணத்துக்கு இதுதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு தம்மை வருத்தியதாக அவர் சொல்லியிருந்தார். சந்தேகம் வந்தால் புகார் கொடுக்கப் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டியதுதானே? வசவு எதற்கு?

இன்னொரு அழுகுணித்தனமும் உண்டு. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது. கடிகாரம் ஓடும், எதிராளி காத்துக் கிடப்பான். தோல்வியை ஒப்புக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கும்போது இது என்ன புத்தி?

நெட் அறுந்து போவது வேறு விஷயம். லோக்கல் ரயிலில் ஆடுகிறவர்களுக்கு அது தெரியும். 2020-ல் இணையத்தில் நடந்த ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் நம் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து, நேரம் போய்த் தோற்றார்கள். இந்தியா முறையிட்டது. ரஷ்யாவுக்கும் இந்தியாவுக்கும் சேர்த்தே தங்கம் கொடுத்தார்கள். அதே ஆண்டில் இன்னொரு போட்டியில் சீனாவின் டிங் லிரென் இணைப்பு அறுந்து ஓர் ஆட்டத்தை இழந்தார். எதிரே ஆடிய கார்ல்சன் அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்றே தம் ராணியைக் கொடுத்துத் தோற்றுக் கணக்கைச் சரி செய்தார். எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பொங்கல் விழாவை ஒட்டிப் போட்டிகள் நடத்தும் நம் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். சதுரங்கப் போட்டி வைத்தால் பலகை போட்டு, எதிரெதிரே உட்கார வைத்து நடத்துங்கள். போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். போனில்தான் நடத்த முடியும் என்றால், எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வையுங்கள். நெட் அறுந்தால் என்ன செய்வது, விரல் வழுக்கித் தவறான கட்டத்தில் காய் விழுந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே நோட்டீசில் அச்சடித்துவிடுங்கள். வேடிக்கை பார்க்கப் பெரியவர்களும் வந்து நிற்கட்டும்.

அந்தப் பையனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தானாக வந்து பெயர் கொடுக்க அவன் வெட்கப்படுகிறான். விழாக் குழுவினரே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டால் வருவான்.