செத்தால்தான் சிவப்பு விளக்கா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் வயர்லெஸ் டவரின் உச்சியில் சிவப்பு விளக்கு போடுவதா வேண்டாமா என்ற கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. மனுமேல் மனுவாகக் கொடுத்தோம். கடைசியில் பச்சை மைக் கையெழுத்தோடு ஒரு பதில் வந்தது. அந்த டவரால் இதுவரை விபத்து ஏதும் பதிவாகவில்லையாம். ஆகவே விளக்குக்கு அவசியம் எழவில்லையாம்.

விதிகளை உங்களுக்கு எடுத்துச் சொல்ல நான் யார்? எங்கள் கடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2021 ஜனவரி 18 அன்று இங்கிருந்து போன விசைப்படகு, இலங்கைக் கடற்படைக் கப்பலுடன் மோதி மூழ்கியது. போன 4 பேரும் பிணமாகத்தான் வந்தார்கள். அதற்கு முன், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து கரையோரமே இருண்டு கிடந்தது. படகு திரும்பாவிட்டால் நாங்கள் முதலில் கேட்பது ஹெலிகாப்டர். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெம்பு. தேடி வருகிறவர்கள் தாழத்தான் பறப்பார்கள். மழை இருட்டில் அந்த இரும்பும் ஸ்டே கம்பியும் அவர்கள் கண்ணுக்குத் தெரியுமா?

டவரின் காலடியில் வாட்ச்மேன் அறைக்கு ட்யூப்லைட் எரிகிறது. ‘அத்துமீறி நுழையாதே’ பலகைக்கும் தனி பல்பு. உச்சிக்கு மட்டும் மின்சாரம் ஏற மறுக்கிறது போலும்!

விளக்கு போட்டால் கோடியக்கரைக்கு வரும் பறவைகள் தடுமாறும் என்றார் உங்கள் அலுவலகத்தில் ஒருவர். நியாயமான கவலைதான். ஆனால் பறவைகளை அதிகம் இழுப்பது அணையாமல் எரியும் விளக்கு. அதனால்தான் அமெரிக்காவில் 2015-லேயே விதியை மாற்றி, விட்டுவிட்டு எரியும் விளக்குக்குப் போனார்கள். அதையே போடுங்கள்.

2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பயிற்சி விமானம் ஒன்று இரவில் கோயில் கோபுரத்தில் மோதி, விமானி இறந்தார். அந்தக் கோபுரமும் அதுவரை பதிவேட்டில் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

பதிவேட்டின் முதல் வரியில் யார் பெயரை எழுதக் காத்திருக்கிறீர்கள்? எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், அதே பச்சை மையில் விளக்குக்கு ஓர் உத்தரவு எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அது எரியட்டும். எங்களைக் காப்பாற்ற வந்தவர்களை எங்கள் ஊர் டவரே கொன்றது என்ற பழி எங்களுக்கு வேண்டாம். வந்தால், அது முழுக்க உங்களுடையது.

இப்படிக்கு,
கோட்டைப்பட்டினம் மீனவன் ஒருவன்