டர்னிப் தலையும் நல்ல நக்கலும்

இங்கிலாந்துக் கால்பந்தை விடாம ஃபாலோ பண்ற மக்களுக்கு ஃபுட்பால்365 தளம் தெரிஞ்சிருக்கும். 1997-ல ஆரம்பிச்சது. செய்தி உண்டு, கருத்து உண்டு, எல்லாத்துக்கும் மேல நக்கல் உண்டு. பெரிய மேட்ச் முடிஞ்சா '16 கன்க்ளூஷன்ஸ்'னு ஒரு நீள கட்டுரை போடுவாங்க. ஆட்டம் எவ்வளவு மொக்கையா இருந்தாலும் கணக்கு பதினாறுதான் :-)

"சும்மா டைம்பாஸ், இதெல்லாம் பத்திரிகைத் தொழிலா?"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. என் கட்சி நேர் எதிர். அங்க வர்ற 'மீடியாவாட்ச்' பகுதியை எடுத்துக்குங்க. ஒரு பேப்பர்ல "கோச் கொந்தளிப்பு!"ன்னு கொட்டை எழுத்துல தலைப்பு வருதுன்னு வைங்க. உள்ள போய் பார்த்தா மனுஷன் "அடுத்த வாரம் பார்க்கலாம்"னு மட்டும் சொல்லியிருப்பார். மீடியாவாட்ச் தலைப்பையும் அவர் பேசினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, கீழ ஒரே வரி நக்கல் அடிக்கும். அவ்வளவுதான் மேட்டர். ஆனா அது சிரிப்பு வேஷம் போட்ட சரிபார்ப்பு வேலை. மறுப்புக் கட்டுரை எழுதினா யாருங்க படிக்கப் போறா?

அதுக்காக சிரிக்க வைக்கிறதெல்லாம் நல்லதுன்னு சொல்ல வரலை. 1992 யூரோ கோப்பையில ஸ்வீடன் 2-1ன்னு ஜெயிச்சு இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்புச்சு. இங்கிலீஷ்ல ஸ்வீடன்காரருக்கும் 'ஸ்வீட்', டர்னிப்போட பங்காளிக் கிழங்கு ஒண்ணுக்கும் அதே பேர். விடுவாங்களா? ஸ்வீட்ஸ் 2, டர்னிப்ஸ் 1னு தலைப்பு போட்டுச்சு 'தி சன்'. கோச் கிரஹாம் டெய்லர் முகத்தை டர்னிப்போட ஒட்டிப் படமும் போட்டாங்க. ஊரே சிரிச்சுது. வாட்ஃபோர்டுங்கற சின்ன கிளப்பை நாலாவது டிவிஷன்ல இருந்து தூக்கி, 1983-ல முதல் டிவிஷன்ல ரெண்டாவது இடத்துக்குக் கொண்டு வந்த மனுஷர் அவர். 2017-ல அவர் செத்தப்பவும் அஞ்சலிக் குறிப்புகள்ல அந்த டர்னிப் கூடவே வந்துச்சு. என்ன கொடுமை சார் இது.

இன்னொண்ணும் சொல்லணும். அப்போ சன் ஆசிரியர் கெல்வின் மெக்கென்சி. 1989 ஏப்ரல்ல ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் நடந்தப்பவும் அவரேதான். செத்தவங்க பாக்கெட்டுல லிவர்பூல் ரசிகர்களே கை விட்டாங்கன்னு 'உண்மை'ங்கற தலைப்புல முதல் பக்கத்துல போட்டார். 97 பேர் செத்த சம்பவம் அது. 2012-ல சுயாதீனக் குழு அத்தனையும் பொய்னு நிறுவுச்சு. ரசிகர்கள் மேல தப்பே இல்லைன்னு 2016-ல ஜூரி சொன்னாங்க. லிவர்பூல்ல அந்தப் பேப்பரைப் புறக்கணிக்கிறது இன்னிக்கும் தொடருது.

டர்னிப்பும் ஹில்ஸ்பரோவும் ஒண்ணான்னு கேக்காதீங்க, ஒண்ணே இல்லை. ஆனா பழக்கம் ஒண்ணு: எதிர்ல இருக்கறவன் மனுஷன்ங்கறதை மறந்துட்டு பேப்பர் விக்கிறது.

அந்த எண்பதுகள்ல ரசிகன்னாலே ரவுடின்னு பத்திரிகைகளும் அரசாங்கமும் பேசிட்டு இருந்தப்ப, ரசிகர்களே நடத்தின சிற்றிதழ்கள் கிண்டலாலயே பதில் சொல்லுச்சு. 1986-ல வந்த 'வென் சாட்டர்டே கம்ஸ்' அதுல ஒண்ணு. 'சுமாரான கால்பந்துப் பத்திரிகை'ன்னு தன்னையே ஓட்டிக்கிற பத்திரிகை. ஃபுட்பால்365 மாதிரி தளங்களை நான் அந்த வம்சத்துலதான் சேர்ப்பேன்.

என் அளவுகோல் சிம்பிள். நக்கல் யாரைக் குத்துது? தலைப்பு போடுறவனை, கிளப் முதலாளியை, இல்ல தன்னையேன்னா கைதட்டலாம். பெனால்டி தவறவிட்ட பத்தொன்பது வயசுப் பையனைன்னா, எந்தத் தளமா இருந்தாலும் அது இன்னொரு டர்னிப்தான். க்ளிக் வேணும்கற நெருக்கடி இவங்களுக்கும் இருக்கு, அந்த வழுக்குப் பாறை பக்கத்துலயேதான் இருக்கு.

டிஸ்கி: இந்தப் பதிவுல உள்குத்து எதுவும் இல்லை. இருக்கிற குத்தெல்லாம் வெளிகுத்துதான். உங்க கருத்தைப் பின்னூட்டத்துல போட்டுத் தாக்குங்க!