சேதன இரசாயனம்: உம்மாவும் உதவலாம்

மருத்துவ பீடக் கனவோடு உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பலர் சேதன இரசாயனம் என்றாலே மிரள்கிறார்கள். தாக்கங்களை ஒவ்வொன்றாக மனனமிடுவதே இதற்குக் காரணம்.

தாக்கங்கள் உறவுமுறை போன்றவை. ஒன்றைப் பிடித்தால் மற்றது வரும். முதல் அற்ககோலை ஒட்சியேற்றினால் அல்டிகைட்டு. மேலும் ஒட்சியேற்றினால் காபொட்சிலிக் அமிலம். வழி அற்ககோல் கீற்றோனோடு நின்றுவிடும். புடை அற்ககோல் இலகுவில் ஒட்சியேறாது. இவற்றை ஒரே தாளில் அம்புக்குறிகளால் இணைத்து, ஒவ்வோர் அம்பின் மேலும் சோதனைப்பொருளை எழுதவேண்டும். ஒரு சேர்வையை இன்னொன்றாக மாற்றும் வினா வந்தால், விளைவிலிருந்து பின்னோக்கி நடக்கவேண்டும். அமிலம் வேண்டுமா? அதற்கு முன் அல்டிகைட்டு. அதற்கும் முன் முதல் அற்ககோல்.

தாய்மாரே, இரசாயனம் தெரியாவிட்டாலும் நீங்கள் உதவலாம். வாரம் ஒருமுறை வெற்றுத்தாள் கொடுத்து, புத்தகம் பாராமல் அதை வரையச் சொல்லுங்கள். முந்திய தாளோடு ஒப்பிட்டு, விடுபட்ட அம்புகளைச் சிவப்புப் பேனையால் காட்டுங்கள். பரீட்சையில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலமே உண்டு. ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை.

இன்னொன்று. மகன் படித்தால் வீட்டில் சத்தமே இருக்காது. மகள் படித்தால் இடையில் சமையலறைக்கு அழைக்கிறோம். பரீட்சை மண்டபத்தில் இருவருக்கும் வினாத்தாள் ஒன்றுதான். அவளுடைய படிப்பு நேரத்தையும் அவளுக்கே விட்டுவிடுங்கள்.