தண்ணிப் போத்தலுக்கு என்ன பயம்?

மியாமியில் ஒரு உல்லாசக் கப்பலில் ஏறப் போறீங்கள் எண்டு வையுங்கோ. விமான நிலையம் மாதிரியே பைகளை ஸ்கான் பண்ணுவினம். அவை தேடுறது கத்தியை மட்டுமில்லை, போத்தலையும்தான். கார்னிவல் கொம்பனியின் கப்பலில் 21 வயதைத் தாண்டிய ஒருவர் 750 மில்லிலீற்றர் வைன் போத்தல் ஒண்டு கொண்டு போகலாம். பியரும் சாராயமும் கூடாது. சோடா ரின்னில் எண்டால் 12 வரைக்கும் சரி. போத்தல் தண்ணி கூடாது. நோர்வீஜியன் கொம்பனியும் 2015 யூலையில் தண்ணிக்கும் சோடாவுக்கும் தடை போட்டது. மருத்துவத் தேவைக்கும் குழந்தைப் பால்மாவுக்கும் மட்டும் விலக்கு.

தண்ணிப் போத்தலுக்குள்ள ஆக்கள் வொட்கா ஊத்திக்கொண்டு வருகினம் எண்டுறது கொம்பனிகள் சொல்லுற காரணம். பொய்யில்லை. வாய் கொப்பளிக்கிற மருந்துப் போத்தலுக்குள்ள பச்சைச் சாயம் கலந்த வொட்காவோட ஏறுறவையும் இருக்கினம். ஆனால் ஏன் இவ்வளவு பாடுபட்டு ஒளிக்கினம்? உள்ளுக்க விக்கிற விலை அப்பிடி.

நடுக்கடலில் வெறி கூடினால் ஆபத்து, அதனால்தான் கட்டுப்பாடு எண்டும் சொல்லுவினம். சரி. அதே கார்னிவல் விக்கிற குடிவகைப் பொதியைப் பாருங்கோ. முற்பணம் கட்டினால் நாளுக்கு 15 மதுபானம் வரை குடிக்கலாம். அறையில் ஒருவர் அதை வாங்கினால் கூட இருக்கிற மற்ற வளர்ந்தவரும் வாங்கியே ஆக வேணும். நாளுக்கு 15 கிளாஸ் ஊத்திக் குடுக்கிறவை, என்ர ரெண்டாவது வைன் போத்தலைப் பறிச்சுப்போட்டு என்ர நன்மைக்கு எண்டு சொன்னால் எப்பிடி நம்புறது?

உண்மையான காரணம் கணக்கில இருக்கு. றோயல் கரீபியன் 2023இல் பெற்ற மொத்த வருமானம் ஏறத்தாழ 13.9 பில்லியன் டொலர். அதில் ஏறத்தாழ 4.3 பில்லியன் ரிக்கற் காசு இல்லை. குடிவகை, சூது, கரைச் சுற்றுலா, இணையம் எண்டு ரிக்கற்றுக்கு வெளியால வந்தது. மலிவு ரிக்கற்றைக் காட்டி ஏத்திப்போட்டு, மிச்சத்தை உள்ளுக்க வைச்சு வாங்குற வியாபாரம் இது.

"தியேட்டரிலயும் வெளிச் சாப்பாடு விடமாட்டினம்தானே?" எண்டு கேக்கலாம். அப்பிடித் தடுக்கிற உரிமை திரையரங்குக்காரருக்கு உண்டு எண்டு இந்திய உச்ச நீதிமன்றமும் 2023 ஜனவரியில் சொன்னது. அதே நேரம் சுத்தமான குடிதண்ணி இலவசமாக இருக்க வேணும், குழந்தையின் சாப்பாட்டைத் தடுக்கக் கூடாது எண்டதையும் சேர்த்துத்தான் சொன்னது. படம் மூண்டு மணித்தியாலம்; பிடிக்காட்டி எழும்பி வரலாம். கப்பல் பயணம் ஏழு நாள். கடலுக்குள்ள எங்க எழும்பிப் போறது? கப்பலில் குழாய்த் தண்ணி இலவசம்தான். அப்பிடியெண்டால் ஒருத்தர் தன்ர தண்ணியைக் கொண்டு வாறதால கொம்பனிக்கு என்ன நட்டம்?

இது பணக்காரற்ற பிரச்சினை, எங்களுக்கு என்ன எண்டு விட ஏலாது. 2023 யூனில் 'எம்பிரஸ்' எண்ட உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. இன்னும் கப்பல்கள் வரும், ஊருக்குக் காசு வரும் எண்டு கதைக்கிறம். ஆனால் பெரிய கொம்பனிகளின் கப்பல்களில், வழியில் துறைமுகத்தில் வாங்குற மதுப்போத்தலை ஏறும்போதே வாங்கி வைச்சுப் பயண முடிவிலதான் திருப்பிக் குடுப்பினம். அந்த வழக்கம் இஞ்சையும் வந்தால், எங்கட பனஞ்சாராயப் போத்தலை வாங்க ஆர் யோசிப்பினம்?

மதுவுக்குக் கட்டுப்பாடு வேணுமெண்டால் வைக்கட்டும். கொண்டு வாற போத்தலுக்கு ஒரு நியாயமான கட்டணமும் எடுக்கட்டும். தண்ணியிலயும் சோடாவிலயும் கை வைக்க வேண்டாம். பயணத்துக்கு உண்மையில எவ்வளவு முடியுமோ, அதை ரிக்கற்றிலயே எழுதட்டும். எங்கட துறைமுகத்துக்குக் கப்பலைக் கூப்பிடுறவை, மாலை போட முதல் ஒரு கேள்வி கேக்க வேணும்: எங்கட கரையில வாங்கினதை உங்கட கப்பலுக்குள்ள கொண்டு போக விடுவீங்களோ?