எட்டு அறுவடைக்கு ஒரே நடவு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பல ஊர்களில் சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்ற பேச்சும் கூடவே இருக்கும். கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல நெல்லிலும் ஆண்டுக்கணக்கில் விட முடிந்தால்?

சீனாவின் யுன்னான் மாகாணத்து விவசாயிகள் அப்படி ஒரு நெல்லைப் பயிரிடுகிறார்கள். பெயர் பிஆர்23, 2018இல் வெளியானது. ஒரு முறை நட்டு, நான்கு ஆண்டுகளில் எட்டு முறை அறுத்திருக்கிறார்கள். அறுவடைக்குச் சராசரியாக ஹெக்டேருக்கு 6.8 டன் கிடைத்தது. போகந்தோறும் புதிதாக நட்ட நெல் தந்தது 6.7 டன். மறுதாம்பில் உழவும் இல்லை, நாற்றங்காலும் இல்லை, நடவும் இல்லை. ஆள் தேவை பாதிக்கு மேல் குறைந்தது. குறையும் உண்டு. ஐந்தாம் ஆண்டில் விளைச்சல் சரிவதால் மறுபடி நட வேண்டும். களைத் தொல்லையும் அதிகம்.

இந்த நெல்லின் பெற்றோரில் ஒன்று தாய்லாந்தின் ஆர்டி23 ரகம். மற்றொன்று ஒரைசா லாஞ்சிஸ்டாமினேட்டா என்னும் ஆப்பிரிக்கக் காட்டுநெல். மண்ணுக்கடியில் தண்டோடித் துளிர்த்துக்கொண்டே இருப்பதால் அங்கே வயல்காரர்களுக்கு அது பிடிவாதமான களை. மணியும் முற்றியதும் உதிர்ந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் தேடியதோ அந்தப் பிடிவாதத்தைத்தான். 1990களில் இரண்டையும் ஒட்டுச் சேர்த்தபோது கரு விதைக்குள் பிழைக்கவில்லை. அதைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். உதிரும் குணத்தைக் கழித்து, துளிர்க்கும் குணத்தைத் தக்கவைக்க ஆராய்ச்சியாளர் ஃபெங்யி ஹூவின் குழுவினருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காட்டுநெல் கைகொடுப்பது இது முதல் முறையல்ல. 1970களில் புகையான் பூச்சி பரப்பிய குட்டை நோய் ஆசிய வயல்களைச் சூறையாடியது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான விதை மாதிரிகளைச் சோதித்தது. தாக்குப்பிடித்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரைசா நிவாரா என்னும் காட்டுநெல் ஒன்றுதான். அதன் எதிர்ப்பாற்றலைச் சேர்த்து அந்த நிறுவனத்தின் குர்தேவ் குஷ் உருவாக்கிய ஐஆர்36 ரகம் 1976இல் வெளிவந்தது. நோய் இப்படிச் சூறையாடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, என்ன பயன் என்று தெரியாமலே ஒருவர் அந்த விதையைச் சேகரித்து வைத்திருந்தார். அதனால்தான் இது முடிந்தது.

அதே இனக் காட்டுநெல் நம் பக்கமும் உண்டு. உங்கள் ஊர்க் குளத்திலோ வாய்க்கால் ஓரத்திலோ தானாக முளைக்கும் நெல்லைப் பார்த்திருக்கிறீர்களா? குளநெல் என்கிறீர்களா, வேறு பெயரா? எப்போது கதிர்விடும்? பஞ்சகாலத்தில் யாராவது அதை உதறியெடுத்துச் சமைத்ததுண்டா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். கரைக்குச் சிமெண்டு பூசிய குளங்களைப் பற்றியும் எழுதுங்கள். முன்பு அங்கே என்ன முளைத்தது என்பதும் பதிவாக வேண்டும். வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்